லோடு வண்டிக்கு எத்தனை வாட் சத்தம் வேணும்?



இயற்கை விவசாயத்துக்கு வந்த இளைஞர்களில் பலர் இப்போது சொந்தமாக ஒரு லோடு வண்டி வைத்திருக்கிறார்கள். பொலிரோ பிக்கப், தோஸ்த், 'சின்ன யானை' என்று ஜனங்களே பேர் வைத்துவிட்ட டாடா ஏஸ், எதுவாக இருந்தாலும் சரி. விளைஞ்சதை மண்டியில் இறக்கிவிட்டு அவர் சொல்லும் விலைக்குக் காத்திருக்காமல், நாமே ஏற்றிப் போய் நாமே விலை சொல்லி விற்கணும் என்றால் வண்டி அவசியம். அதில் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் வண்டி வந்த மூணாவது மாசம் இன்னொரு செலவும் கூடவே வந்துவிடுகிறது. அதுதான் பாட்டு செட்டு. கம்பெனி கொடுத்த செட்டில் சத்தம் பத்தலை, பேஸ் இல்லை, பக்கத்து வண்டிக்காரன் போட்டால் கண்ணாடி அதிருது, நம்மளது முணுமுணுக்குது. உடனே கார் டெக்கர்ஸ் கடை. கடையை விட்டு வெளியே வரும்போது நாற்பதாயிரம் காலி.

செட்டு மாத்துறதே தப்பு என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. விடிகாலை நாலு மணிக்குக் காய் ஏற்றிக்கொண்டு தனியாக ஓட்டிப் போகிறவனுக்கு ஒரு நல்ல பாட்டு வேணும். நான் சொல்ல வருவது வேறு. லோடு வண்டியில் ஒலிக்கு இரண்டு தனித்தனி வேலை இருக்கு. ஒன்று, உள்ளே ஓட்டுகிறவர் காதுக்கு. இன்னொன்று, தெருவில் வீட்டுக்குள் இருக்கும் வாடிக்கையாளர் காதுக்கு. இரண்டையும் ஒரே செட்டில் செய்யப் பார்ப்பதால்தான் காசு கரைகிறது. பிரித்துச் செய்தால் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குள் இரண்டும் முடியும். அதிலும் முதல் செலவு தெருவுக்கான குரலுக்குத்தான் போகணும்.

முதலில் வட்டிக் கணக்கு

வங்கியில் இருந்த பழக்கம், எதையும் தவணையாக மாற்றித்தான் பார்க்க வருது. நாற்பதாயிரம் ரூபாயைத் தனிநபர் கடனாக 15 சதவீத வட்டியில் 3 வருஷத்துக்கு வாங்கினால் மாசத் தவணை 1,387 ரூபாய். மொத்தம் கட்டுவது ஏறக்குறைய 50,000. ஒரு கட்டு கீரையில் செலவு போகக் கையில் 5 ரூபாய் நிற்கிறது என்று வையுங்கள். மாசம் 277 கட்டு கீரை அந்தப் பாட்டுக்காக மட்டும் போகுது. மூணு வருஷத்துக்கு.

பாகூர் பக்கத்து ஒரு தம்பி இப்படித்தான் சீட்டுக்குப் பின்னால் பெரிய வூஃபர் பெட்டியும் தனி ஆம்ப்ளிஃபையரும் வைத்தார். இடம் பத்தலைன்னு தராசையும் பணப்பெட்டியையும் பின்னால் காய்க்கூடையோடு போட்டுக்கொண்டு போகிறார். வண்டி அவருடையது, பாட்டும் அவருடையது, நான் குறை சொல்ல ஆளில்லை. ஆனால் அவர் தெருவில் நின்று விற்கும்போது அந்த வூஃபரால் ஒரு கிலோ கத்தரிக்காய்கூடக் கூடுதலாகப் போகவில்லை என்பதை அவரே சொன்னார். ஏன் போகாது என்பதைக் கீழே பார்ப்போம்.

பெட்டியில் எழுதியிருக்கும் வாட்

கடைக்காரர் முதலில் காட்டுவது அட்டைப்பெட்டியில் பெரிசாக எழுதியிருக்கும் எண்ணைத்தான். '50 வாட் x 4' என்று இருக்கும். அதாவது 200 வாட். இதைத் தணிக்கை செய்வது ரொம்ப சுலபம். ஸ்டீரியோவைத் திருப்பி, பின்பக்கம் இருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். 10 ஆம்பியர் என்று இருந்தால், இன்ஜின் ஓடும்போது வண்டியில் இருக்கும் சுமார் 14 வோல்ட்டால் பெருக்குங்கள். 140 வாட். அதுதான் உள்ளே தொடர்ந்து போகக்கூடிய உச்ச வரவு. வரவு 140, செலவு 200 என்று யாராவது பேலன்ஸ் ஷீட் கொண்டுவந்தால் வங்கியில் என்ன செய்வோம்? திருப்பி அனுப்புவோம். போகிற 140-லும் ஒரு பங்கு சூடாகி வீணாகும்.

200 என்பது ஒரு கண நேர உச்சம். தொடர்ந்து கொடுக்கிற சக்தியை ஆர்.எம்.எஸ். வாட் என்பார்கள். தனி ஆம்ப் இல்லாத சாதாரண ஸ்டீரியோவில் அது ஒரு ஸ்பீக்கருக்கு 15 முதல் 20 வாட்தான் வரும். கடையில் கேட்க வேண்டிய கேள்வி, "ஆர்.எம்.எஸ். எத்தனை?" என்பதே. பதில் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

இன்னொன்றும் தெரிஞ்சுக்கணும். வாட்டை இரண்டு மடங்காக்கினால் சத்தம் இரண்டு மடங்காகாது. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது 'கொஞ்சம் கூடியிருக்கு' என்கிற அளவு. சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேணும், அதற்கு 10 மடங்கு வாட் வேணும். ஆகவே வாட்டுக்குப் பணம் கொடுப்பதைவிட, அதே வாட்டில் அதிக ஒலி தரும் ஸ்பீக்கருக்குக் கொடுப்பது லாபம். ஸ்பீக்கர் அட்டையில் 'சென்சிட்டிவிட்டி' என்று 86, 88, 91 மாதிரி ஒரு எண் இருக்கும். 88 உள்ளதைவிட 91 உள்ளது அதே ஸ்டீரியோவில் இரண்டு மடங்கு வாட் போட்ட மாதிரி கேட்கும். கூடுதல் கரண்ட் ஒரு பைசாவுக்கும் வேண்டாம்.

உள்ளே: கதவைச் சரிபண்ணுங்க, அப்புறம் ஸ்பீக்கர்

கம்பெனி ஸ்பீக்கரில் பேஸ் வராததற்குப் பாதிக் காரணம் ஸ்பீக்கரே இல்லை, கதவு. ஸ்பீக்கர் முன்பக்கம் தள்ளும் காற்றும் பின்பக்கம் இழுக்கும் காற்றும் கதவுத் தகட்டில் உள்ள பெரிய ஓட்டைகள் வழியாகக் கலந்து ஒன்றை ஒன்று அழித்துவிடும். அதில் முதலில் காணாமல் போவது பேஸ்தான். போதாததற்குத் தகடு வேறு சேர்ந்து அதிரும்.

கதவின் உள் அட்டையைக் கழற்றி, உள்தகட்டில் உள்ள ஓட்டைகளை ஒட்டும் டேம்பிங் ஷீட்டால் மூடுங்கள். ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் வெளித்தகட்டிலும் ஒரு துண்டு ஒட்டுங்கள். ஸ்பீக்கர் உட்காரும் விளிம்பைச் சுற்றி ஃபோம் நாடா. கதவின் அடியில் இருக்கும் சின்னத் துளைகளை மட்டும் மூடவே கூடாது. கண்ணாடி வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேறுவது அந்தத் துளைகளில்தான். மூடினால் ஒரே ஐப்பசியில் கதவு துருப்பிடிக்கும். இவ்வளவும் செய்துவிட்டுப் பழைய ஸ்பீக்கரையே மாட்டிக் கேட்டுப் பாருங்கள். சிலருக்கு அதுவே போதும் என்று ஆகிவிடும்.

அதற்கு மேலும் வேணும் என்றால், கதவில் இருக்கும் வட்டத்தை அளந்து, அதே அளவில் கோஆக்ஸியல் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்குங்கள். நடுவில் சின்ன ட்வீட்டரோடு வருமே, அது. தகட்டை வெட்டிப் பெரிசு மாட்ட வேண்டாம். கம்பெனி வயரையும் வெட்ட வேண்டாம், அந்த சாக்கெட்டுக்குப் பொருந்தும் கப்ளர் கடையில் கிடைக்கும். வாரண்டி இருக்கும் வண்டியில் வயரை வெட்டினால் நாளைக்கு வேறு எந்த மின்கோளாறு வந்தாலும் பழி அதன்மேல்தான் விழும்.

வூஃபர் வேண்டாம் என்று நான் சொல்வதற்குச் செலவு மட்டும் காரணம் இல்லை. டீசல் இன்ஜினின் உறுமலும் டயர் இரைச்சலும் கீழ்ச் சுருதியில்தான் அதிகம். ஓடுகிற வண்டியில் அது பேஸை விழுங்கும். அதை மீறிக் கேட்க சத்தத்தைக் கூட்டுவோம். கூட்டினால் காது போகும். 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம்தான் பாதுகாப்பு என்பது தொழிலாளர் நல ஆய்வாளர்கள் பரவலாக வைத்திருக்கும் கணக்கு. 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 94 டெசிபலில் ஒரு மணி நேரம், 100 டெசிபலில் 15 நிமிஷம். டிராக்டரிலும் பவர் டில்லரிலும் ஏற்கெனவே பாதிக் காதைக் கொடுத்துவிட்ட நமக்கு மீதி முக்கியம்.

வயர்தான் அஸ்திவாரம்

செட்டுக்கு இருபதாயிரம் கொடுப்பவர் வயருக்கு இருநூறு ரூபாய் கொடுக்க யோசிக்கிறார். வண்டி எரிவது வயரால்தான், ஸ்பீக்கரால் இல்லை.

12 வோல்ட்டில் வாட்டுக்கு வாட் ஆம்பியர் அதிகம். 100 வாட் கொடுக்கும் சாதாரண ஆம்ப் முழுச் சத்தத்தில் 13 ஆம்பியர் வரை இழுக்கும். அதை 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 5 மீட்டர் கொண்டுபோனால் வழியிலேயே முக்கால் வோல்ட்டுக்கு மேல் போய்விடும், வயரும் சூடாகும். 4 சதுர மில்லிமீட்டர் வயரில் 0.3 வோல்ட்டோடு நிற்கும். வாங்கும்போது முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். வேண்டாம்.

பேட்டரியிலிருந்து நேராக வயர் எடுத்தால், பேட்டரி முனையிலிருந்து ஒரு அடிக்குள் ஃபியூஸ் இருக்கணும். ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. தூரத்தில் ஆம்ப் பக்கத்தில் வைத்தால் நடுவில் இருக்கும் வயர் தகட்டில் உரசி ஷார்ட் ஆகும்போது தடுக்க ஆளில்லை. தகட்டுத் துளை வழியே வயர் போகும் இடத்திலெல்லாம் ரப்பர் வளையம் போடச் சொல்லுங்கள்.

நம்ம அரியாங்குப்பம், வீரம்பட்டினம் பக்கம் கடல் காற்று. எர்த் கொடுத்த இடம் ஆறே மாசத்தில் பச்சை பூத்துவிடும். பெயிண்ட்டைச் சுரண்டி, வெறும் தகட்டில் போல்ட்டை இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். ஸ்பீக்கரில் இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஒரு கீச்சுச் சத்தம் வந்தால், செட்டு கெட்டுப்போச்சு என்று மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்.

தெருவுக்கு வேண்டியது குழாய்

இப்போது முக்கியமான விஷயம். 2021 மே மாதம் தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு போட்டபோது காய்கறிக் கடைகளும் மூடப்பட்டு, தோட்டக்கலைத் துறை ஏற்பாட்டில் வண்டிகள் தெருத்தெருவாகக் காய்கறி கொண்டுபோயின. வண்டி வந்திருக்கு என்று வீட்டுக்குள் இருப்பவருக்குத் தெரிந்தால்தான் வியாபாரம் என்பதை அப்போது எல்லாரும் பார்த்தோம். பழைய இரும்பு வாங்குபவரும் கோலமாவு விற்பவரும் அதற்கு முன்னாலேயே தெரிந்து வைத்திருந்தார்கள். அவர்கள் யாரும் வூஃபர் வைக்கவில்லை. ஒரு சின்னக் குழாய் ஸ்பீக்கர், அவ்வளவுதான்.

காரணம் இது. கதவு ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் தரும். குழாய் 105 தரும். வித்தியாசம் 17 டெசிபல். குழாய் ஒரு வாட்டில் செய்வதைக் கதவு ஸ்பீக்கர் செய்ய 50 வாட் வேணும். தூரம் இரண்டு மடங்காகும்போதெல்லாம் வெட்டவெளியில் ஒலி 6 டெசிபல் குறையும். அப்படிப் பார்த்தால் குழாயில் ஒரே ஒரு வாட், 64 மீட்டர் தள்ளி 69 டெசிபலாகக் கேட்கும். எதிரே நின்று சாதாரணமாகப் பேசுவதே 60 டெசிபல்தான். ஒரு தெருவுக்கு ஒரு வாட் தாராளம்.

பேச்சு புரிய பேஸ் தேவையே இல்லை. பழைய தொலைபேசியில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் போகும், அதிலேயே ஊர்க்கதை முழுக்கப் பேசினோம். க, ச, ட, த, ப என்கிற மெய்யெழுத்துகளின் வெட்டு மேல்பக்கத்தில் இருக்கிறது. பேஸைக் கூட்டினால் அதுதான் அமுங்கும். 'வெண்டைக்கா' என்பது 'வெ...ஐ...ஆ' என்று கேட்கும். பாகூர் தம்பியின் வூஃபர் காய் விற்காததற்குக் காரணம் இதுதான்.

மைக்கும் யு.எஸ்.பி.யும் உள்ள 12 வோல்ட் சின்ன ஆம்ப் ஒன்று, குழாய் ஒன்று. வண்டி நிற்கும்போது மட்டும் போடுங்கள். இன்ஜின் அணைத்திருந்தாலும் விட்டுவிட்டுப் பேசினால் சராசரியாக 2 ஆம்பியருக்கு மேல் போகாது. மூணு மணி நேரம் விற்றாலும் 6 ஆம்பியர்-மணிதான். அதே நேரம் பெரிய ஆம்ப்பில் பாட்டு ஓடி சராசரி 12 ஆம்பியர் போனால் 36. உங்கள் பேட்டரி 65 என்றால் பாதிக்கு மேல் காலி. மிச்சக் கீரையோடு வண்டியைத் தள்ள ஆள் தேடணும்.

கணக்கு, என் பக்கத்தில் விசாரித்த வரைக்கும் சுமாராக: ஸ்டீரியோ 2,500, ஸ்பீக்கர் ஜோடி 2,000, கதவு ஷீட்டும் ஃபோமும் 1,000, வயர், ஃபியூஸ், கப்ளர் 700, கூலி 800. உள்வேலை 7,000. குழாய், ஆம்ப், மைக் சேர்த்து 5,000. ஆக 12,000. கையில் 5,000-தான் இருக்கா? குழாயை முதலில் வாங்குங்கள். அது சம்பாதித்துக் கொடுப்பதில் மீதியை வாங்குங்கள்.

என்ன சொல்லப் போறோம்?

ஒலிபரப்பின் பலம் என்னன்னு நமக்கு முன்னாடியே தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். 1960-களில் தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 நெல் பரவியபோது, வானொலி அதைப் பற்றிச் சொன்ன வேகத்தில் ஜனங்கள் அதை 'ரேடியோ நெல்' என்றே கூப்பிட்டார்கள். அந்த ரகங்களோடு சேர்ந்து நம் மண்ணுக்கு என்னென்ன வந்தது என்பது இந்த இதழ் வாசகர்களுக்குத் தெரியும். நான் சொல்வது அதன் வழியை. தெளிவான குரலில், திரும்பத் திரும்ப, தெரிந்த மொழியில் சொன்னது ஒரு மாவட்டத்தின் விதையையே மாற்றியது. மாப்பிள்ளைச் சம்பாவையும் பூங்காரையும் பற்றிச் சொல்ல நமக்கு ஒரு குழாய் இருக்கு. அதில் சினிமாப் பாட்டை அலறவிட்டால் போதுமா?

பதினைந்து வினாடி போதும். "பாகூர்ல நாங்களே விளைவிச்ச அரைக்கீரை, சிறுகீரை, கத்தரிக்கா. இன்னைக்கு விடியக்காலைல பறிச்சது. கீரை கட்டு இருபது ரூபா. பிள்ளையார் கோயில் முன்னாடி அரை மணி நேரம் நிப்போம்." எந்த ஊர், என்ன பொருள், என்ன விலை, எங்கே, எவ்வளவு நேரம். வீட்டில் பேசும் குரலிலேயே பதிவு பண்ணுங்கள். அம்மாவோ அக்காவோ பேசினால் இன்னும் நல்லது.

'நூறு சதவீதம் ஆர்கானிக், அரசு சான்று பெற்றது' என்று சான்று இல்லாமல் கூவாதீர்கள். பி.ஜி.எஸ். முறையில் மாற்றக் காலத்தில் இருப்பவருக்கு 'பி.ஜி.எஸ். கிரீன்'தான். அதை முடித்தவருக்கே 'பி.ஜி.எஸ். ஆர்கானிக்'. சிறு உற்பத்தியாளர் நேரடியாக நுகர்வோருக்கு விற்றால் சான்றிலிருந்து விலக்கு உண்டு. ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய் வரைக்கும் அந்தச் சலுகை. அதனால் சான்று இல்லை என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 'மருந்து அடிக்கலை, வந்து பாருங்க' என்று சொல்லுங்கள். உண்மையில் வந்து பார்ப்பார்கள், அதற்கும் தயாராக இருங்கள்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். ஒலி மாசு விதிகள் 2000-ன்படி ஒலிபெருக்கிக்கு உரிய அதிகாரியின் எழுத்துமூல அனுமதி வேணும். முதலில் காவல் நிலையத்தில் கேளுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். குடியிருப்புப் பகுதியில் பகல் அளவு 55 டெசிபல். நம் சாலையில் இன்னொரு சிக்கலும் இருக்கு. முள்ளோடை தாண்டினால் கடலூர் மாவட்டம், வேறு மாநிலம். இங்கே வாங்கின அனுமதி அங்கே செல்லாது.

சட்டத்தைவிடப் பெரியது தெருவின் பொறுமை. மத்தியானம் தூங்கும் குழந்தையை எழுப்பிய வண்டியில் அந்தத் தாய் கீரை வாங்கமாட்டாள். பூச்சிமருந்து வேண்டாம், மண் கெடும் என்று சொல்கிற நாம் தெருவின் காற்றைச் சத்தத்தால் கெடுக்கக் கூடாது. ஒரு நிறுத்தத்தில் இரண்டு தடவை சொல்லுங்கள், அணையுங்கள். வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம் போனால் மூணாவது மாசத்தில் குழாயே தேவைப்படாது.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை

"ஐயா, எல்லாத்தையும் கணக்கா பார்த்தா வாழ்க்கையில என்ன இருக்கு? டவுன்ல வேலை பார்க்கிறவன் ஆசைக்குச் செலவு பண்ணலாம், விவசாயி பண்ணக்கூடாதா?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. விவசாயி என்றால் ஒட்டின வயிறும் ஓட்டை வண்டியுமாகத்தான் இருக்கணும் என்பதை நானும் ஏற்கமாட்டேன். ஆசைக்குச் செலவு பண்ணுங்கள். கடன் வாங்கி மட்டும் வேண்டாம். நாலு போகம் நல்லபடியாக விற்று, வண்டித் தவணை தவறாமல் போய், கையில் மிச்சம் நின்றால் வூஃபர் வாங்கிக்கொள்ளுங்கள். நான் வந்து கேட்கிறேன்.

நம் இயக்கக் குழுக்களுக்கு ஒரு யோசனை. ஊருக்கு ஒரு குழாய் செட்டு பொதுவில் வாங்கி வைக்கலாம். ஐந்து பேர் சேர்ந்தால் ஆளுக்கு ஆயிரம். எந்தக் கிழமை யாருக்கு என்று முறை வைத்துக்கொள்ளலாம். வயர் வேலை தெரிந்த ஒரு எலக்ட்ரீஷியனை அடுத்த மாதக் கூட்டத்துக்கு அழைத்து, ஒரு வண்டியின் கதவை எல்லார் முன்னாலும் பிரித்துக் காட்டச் சொல்லலாம். அரியாங்குப்பத்தில் கூட்டம் வைத்தால் என் வண்டியைத் தருகிறேன். ஷீட்டும் ஃபோமும் நீங்கள் கொண்டுவாருங்கள்.